இருளப்பன் எழுதிய ஆய்வேடு

யோகேஸ்வரி தன் பெயரை மறுபடியும் எழுத்தெழுத்தாகத் தட்டினாள். கணினி மறுபடியும் அப்படி ஒரு ஆள் இல்லை என்றது.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த துணை டீன் காளிதாசன், ரொட்டிச் சானாயை விரலால் பிய்த்தபடி பரிதாபமாகப் பார்த்தார். பிறர் வேலை போகும்போது அவருக்கு நன்றாகப் பசிக்கும்.

"உங்க பேர்ல ஒன்னுமே இல்லையே லா, டாக்டர்."

"இருக்கு சார். பட்டம் வாங்குனப்பவே ஏத்திட்டேன்."

"இருந்தா காட்டணும்ல. இந்த மாசத்தோட உங்க கான்ட்ராக்ட் முடியுது. களஞ்சியத்துல பேர் இல்லாதவங்களுக்கு நான் எப்படி நீட்டிப்பு எழுதறது?"

மலேசியாவில் நெல் விளையும் கெடா மாநிலத்தில் களஞ்சியம் என்றால் வேறு அர்த்தம் இருந்தது. இப்போது சுங்கைப்பட்டாணிக்கு வெளியே இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் களஞ்சியம் என்றால் ஒரு இணையதளம். முன்பெல்லாம் ஆய்வேட்டுக்குக் கெட்டி அட்டை போட்டு, தங்க எழுத்து பதித்து, நூலக அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். கரையான் மட்டும் படிக்கும். இப்போது எல்லாம் மின்களஞ்சியத்தில். எத்தனை பேர் பதிவிறக்கம் செய்தார்கள் என்பதை வைத்து விரிவுரையாளரின் தரத்தை நிறுக்கிறார்கள். படித்தார்களா என்று இப்போதும் யாரும் கேட்பதில்லை.

காளிதாசன் திரையைத் தன் பக்கம் திருப்பினார். "இங்க பாருங்க. உங்க துறையில இருளப்பன்னு ஒருத்தர் இருக்காரு. 'தோட்டத் தமிழில் உடைமைச் சொற்கள்'. நல்ல தலைப்பு."

"சார், அது என்னோடது. இருளப்பன் எங்க அப்பா."

"அப்பாவும் லெக்சரரா?"

"ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவரு சார்."

காளிதாசன் இன்னொரு துண்டு பிய்த்தார். "அப்ப அவருக்குக் கான்ட்ராக்ட் நீட்டிக்க வேண்டியதில்ல," என்றார்.

நடந்தது இதுதான். அடையாள அட்டையில் அவள் யோகேஸ்வரி ஏ/பி இருளப்பன். ஏ/பி என்றால் இன்னாரின் மகள். அந்த மென்பொருளைச் செய்தவர்கள் ஊரில் எல்லாருடைய பெயருக்கும் பின்னால் ஒரு குடும்பப் பெயர் தொங்குமாம். கடைசியில் எது இருக்கிறதோ அதுதான் ஆள் என்று அது முடிவு செய்துவிட்டது. இரவு பகலாக எழுதியவள் முதலெழுத்தாகச் சுருங்கினாள். அப்பா ஆய்வாளராகிவிட்டார்.

இருளப்பன் கோலா கெத்திலுக்கு உள்ளே, ஆத்துக்கட்டைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், இன்னமும் இருந்தார். ஆய்வுக்கு அவர்தான் முக்கியத் தகவலாளி. அவர் பேசப் பேச இவள் பதிவு செய்து, அந்தப் பேச்சில் 'என்', 'எங்க' என்ற சொற்கள் எங்கெல்லாம் வருகின்றன என்று பொறுக்கி எடுத்து, மலாய் மொழியில் இந்த ஆய்வேட்டை எழுதினாள். நான்காம் அத்தியாயத்தில் ஒரு கண்டுபிடிப்பு. தோட்டத்து மக்கள் எங்க ஆடு என்பார்கள், எங்க கோயில் என்பார்கள், வேலை வாங்கும் கங்காணியை எங்க மண்டோர் என்றுகூடச் சொல்வார்கள். வீட்டை மட்டும் கம்பெனி வீடு என்பார்கள். 'என் வீடு' என்று ஒருவரும் சொல்வதில்லை.

இந்த வரிக்குப் பக்கத்தில் தேர்வாளர் 'அருமை' என்று எழுதினார். ஏன் சொல்வதில்லை என்பதை அடுத்த நாற்பது பக்கத்தில் விளக்கியிருந்தாள். எந்த நேரமும் சட்டி பானையைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் மூன்று தலைமுறையாகப் பழகிய நாக்கு அது என்று எழுதியிருந்தாள். அந்தப் பக்கங்களில் தேர்வாளரின் பேனா படவே இல்லை.

நூலகத்தில் களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்பவள் நபீலா. சுங்கைப்பட்டாணிச் சந்தைப் பக்கம் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவரின் மகள். நல்ல மனசு. அவளிடம் போனால் வேலை நடக்கும். அதுதான் சிக்கல்.

"ஈஸிதான்க்கா. அப்பா பேர எடுத்துட்டா முடிஞ்சிருச்சு."

"எடுத்துரும்மா."

நபீலா இருளப்பனை அழித்தாள். கடைசிப் பெயர் என்ற கட்டம் காலியாக நின்றது. காலியாக விட்டால் மென்பொருள் ஏற்றுக்கொள்ளாது. பெயருக்குப் பின்னால் வேறு என்ன இருக்கிறது என்று அதுவே தேடி, 'ஏ/பி' என்பதை எடுத்து அந்தக் கட்டத்தில் உட்கார வைத்தது.

"இப்ப உங்க குடும்பப் பேரு ஏ/பி. தாப்பா லா க்கா, பரவால்ல, பேர் வந்திருச்சுல்ல," என்றாள் நபீலா.

மறுநாள் காலை யோகேஸ்வரியின் கைப்பேசியில் துறையின் வாட்ஸ்அப் குழு முழுக்கக் கைதட்டலும் பூங்கொத்துமாக இருந்தது. இவளைப் போலவே பெயரைத் திருத்தக் கேட்ட தமிழ்ப் பெண்கள் அத்தனை பேரையும் களஞ்சியம் ஏற்கெனவே ஏ/பி குடும்பத்தில் சேர்த்திருந்தது. ஒரே குடும்பப் பெயர் என்பதால் எல்லாரும் ஒரே ஆள்தான் என்று தீர்மானித்து, எல்லா ஆய்வையும் கடைசியாக வந்தவளின் தலையில் கட்டிவிட்டது. செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவுநீர், தாதியர் தூக்கமின்மை, பல்செட்டுப் பசை, ஆட்டுக் குடற்புழு எல்லாவற்றுக்கும் யோகேஸ்வரிதான் ஆசிரியை. வடக்கு மாநிலங்களிலேயே அதிகம் எழுதிய பெண் என்று பல்கலைக்கழகம் முகநூலில் படத்தோடு போட்டது.

காளிதாசன் அவளைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் எழுந்து இவள் பார்த்ததில்லை.

"ஆட்டுப் புழுவுலயும் நீங்க கெட்டிக்காரின்னு சொல்லவே இல்லையே, டாக்டர்."

"அது நான் இல்ல சார். தப்பா சேத்துட்டாங்க. திருத்தச் சொல்லணும்."

"எதுக்கு அவசரம்? ரேங்கிங் கணக்கு எடுக்கறாங்க. முடியற வரைக்கும் பேசாம இருங்க."

"பொய்யா இருக்கே சார்."

"பொய்தான். ஆனா நம்ம துறை பேர்ல இருக்கற பொய்," என்றார் காளிதாசன் அன்போடு.

பேசாமல்தான் இருந்தாள். நீட்டிப்பு கிடைக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மனசாட்சிக்குத் தவணை சொன்னாள். அன்று மதியம் பண்டார் பாருவிலிருந்து ஜக்கரியா என்பவர் கூப்பிட்டார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆடு வளர்ப்பவர். களஞ்சியத்தில் பார்த்து எண்ணை எடுத்தாராம்.

"டாக்டரம்மா, ஆடு தீவனமே எடுக்க மாட்டேங்குது. வயித்துல புழுவுன்னு நெனைக்கறேன். நீங்கதான் அதுல பெரிய ஆளாம்."

"ஐயா, நான் மாட்டு டாக்டர் இல்ல. நான் மொழி டாக்டர்."

"மொழியா?" என்றார் ஜக்கரியா. "ஆமாம்மா, அது கத்தறதுகூட இப்ப ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

அவரைச் சமாளித்து வைத்தால், பல்செட்டு ஆய்வை உண்மையில் எழுதிய வாசுகி வாசலில் வந்து நின்றாள். தன் பல்செட்டைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் முகநூலில் நாறடித்துவிடுவதாகச் சொன்னாள். யோகேஸ்வரி மறுபடி நூலகத்துக்கு ஓடினாள்.

"ஏ/பியும் வேணாம், அப்பாவும் வேணாம். யோகேஸ்வரி. அவ்ளோதான். புதுசா ஏத்து."

நபீலா புதிதாக ஏற்றினாள். ஆளுக்கு ஒரு பெயர் மட்டும் இருந்தால் அதையே இரண்டு கட்டத்திலும் போடலாம் என்று ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். களஞ்சியத்தில் யோகேஸ்வரி, யோகேஸ்வரி என்ற ஆய்வாளர் பிறந்தார். பல்செட்டும் ஆட்டுப் புழுவும் அவரவரிடம் போயின. இவளுடைய பழைய பதிவு தன்பாட்டில் இருளப்பன் பெயருக்கே திரும்பிப் போய்ச் சேர்ந்தது. அதை அழிக்க முடியாதாம். ஒரு முறை கொடுத்த இணைப்பு நிரந்தரமாம். மனிதர்களுக்கு ஆறு மாத ஒப்பந்தம் போடும் இடத்தில் இணைப்புக்கு மட்டும் ஆயுள் கெட்டி.

புதிய ஆய்வேடு ஏறியதும் ஆய்வுத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் தானாக ஓடியது. அதற்குச் சம்பளம் கிடையாது என்பதால் ஒழுங்காக வேலை பார்த்தது. தொண்ணூற்றொன்பது சதவீதம் இருளப்பன் என்பவரிடமிருந்து அப்படியே எடுத்தது என்று அறிக்கை கொடுத்தது. மீதி ஒரு சதவீதம் அவள் பெயர்.

காளிதாசன் இந்தத் தடவை எழவில்லை.

"விசாரணை வைக்கணும், டாக்டர். திருட்டுக் கேஸ் ஆயிருச்சு."

"சார், இருளப்பன் எங்க அப்பான்னு உங்களுக்கே தெரியுமே."

"எனக்குத் தெரியும். கமிட்டிக்குத் தெரியாதே."

"கமிட்டிக்கு யாரு சார் தலைவரு?"

"நான்தான்," என்றார் காளிதாசன். "அதனாலதான் நான் எதுவும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது."

அவர் அறையை விட்டு வெளியே வந்ததும் அழுகை வந்தது. சொந்த உழைப்பைச் சொந்தம் என்று நிரூபிக்க முடியாமல் நிற்பது கேவலமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து அப்பா கூப்பிட்டார்.

"யோகேசு, ஞாயித்துக்கெழம கோயில்ல கூட்டம். வீட்டுக் கேஸு விசயமா. நீ படிச்ச புள்ள, வந்து ஒரு வார்த்த பேசுனா தைரியமா இருக்கும்."

தோட்டத்தை வாங்கிய புதுக் கம்பெனி, லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டிருந்தது. அங்கேயே பிறந்து கிழடான மக்களை விட மாட்டோம் என்று ஒரு குழு அமைத்திருந்தார்கள். இருளப்பன் அதற்குத் தலைவர்.

"இங்க எனக்கே ஒரு கேஸு ஓடுதுப்பா. வேல நிக்குமா போவுமான்னு இருக்கேன்."

"சரிம்மா. ஒன் வேலைய பாரு."

நபீலாவிடம் இன்னொரு வழி இருந்தது. அவளிடம் எப்போதும் இன்னொரு வழி இருந்தது.

"பழசோட ஆசிரியரு அனுமதி குடுத்துட்டா அது திருட்டு இல்லக்கா. அப்பா பேர்ல ஒரு கணக்கு தொறப்போம். நான்தான் எழுதுனேன், யார் வேணும்னாலும் முழுசா படிக்கலாம், எடுத்துக்கலாம்னு அவரு ஒத்துக்கிட்டா போதும். இப்ப உலகம் பூரா அதான். பூட்டி வெச்ச காலம் போச்சு. தொறந்து விட்டாத்தான் டவுன்லோடும் ஏறும்."

"அவரு எழுதலையே."

"எழுதலன்னு சொன்னா யாருகிட்ட திருடுனீங்கன்னு கேப்பாங்க. எழுதுனேன்னு சொன்னா கேஸே இல்ல."

இதில் ஏதோ ஓட்டை இருப்பதாக யோகேஸ்வரிக்குத் தோன்றியது. ஆனால் மாதம் முடிய அதிக நாள் இல்லை. ஆய்வு நெறிமுறை பற்றி இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவள் அவள்தான். அந்தப் பாடத்தை வகுப்பறையிலேயே விட்டுவிட்டுக் காரை எடுத்தாள்.

தோட்டத்தில் பால்மரமெல்லாம் போய் செம்பனை நின்றது. அப்பா வீட்டு முன்னால் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கதவுக்கு மேலே குழுவின் பதாகை தொங்கியது. அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, துணியை உதறினார்.

"அப்ப நான் டாக்டரா?"

"களஞ்சியத்துல மட்டும்பா."

"பொம்பளப் புள்ளைக்கு இவ்ளோ படிப்பு எதுக்குன்னு கேட்டேன் அன்னிக்கு. பாரு, நானே படிச்சு முடிச்சிட்டேன்." சிரித்துக்கொண்டே கைப்பேசியை வாங்கினார். பிறகு தயங்கினார். "எழுதுனது நீயி. பேசுனது நானு. நான் எழுதுனேன்னு எப்படிம்மா சொல்றது? பொய்யில்லையா?"

"என் வேல போயிரும்பா. வேல நிரந்தரமாச்சுன்னா சுங்கைப்பட்டாணில வீடு எடுத்து உங்கள கூட்டிட்டுப் போயிருவேன். அப்புறம் இந்தக் கேஸெல்லாம் எதுக்கு?"

"நான் எதுக்கு வரணும்? இது என் வீடு."

யோகேஸ்வரி திடுக்கிட்டாள். மகளாக அல்ல, ஆய்வாளராக.

"என்ன சொன்னீங்க?"

"என் வீடுன்னேன். கூட்டத்துல எல்லாரும் இப்ப அப்படித்தான் சொல்றோம். மொதல்ல வாய்ல வரவே மாட்டேன்னுச்சு. அழகம்மாவுக்கு இன்னும் வரல, கம்பெனி வூடு கம்பெனி வூடுன்னே சொல்லுது. பழகிக்கிட்டு இருக்கோம்."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கப்பா. நாலாவது அத்தியாயமே அதுதான். இங்க யாரும் அப்படிச் சொல்றதில்லன்னு எழுதி, அதுக்குத்தான் பட்டமே குடுத்தாங்க. இப்ப நீங்க மாத்திப் பேசுனீங்கன்னா என் ஆய்வே பொய்யின்னு ஆயிரும். யாராவது போன் பண்ணிக் கேட்டா, ஆமா நான்தான் எழுதுனேன், அதுல இருக்கறது எல்லாம் சரின்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் பேச வேணாம்."

"சும்மா போன்லதான?"

"போன்லதான்."

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் எப்போது எதைக் கேட்டாலும் முதலில் வேண்டாம் என்று சொல்லி, பிறகு கொடுத்துவிடுகிற மனிதர். "ஒனக்கு நல்லதுன்னா சொல்லிர்றேன்," என்று கைப்பேசித் திரையில் கட்டைவிரலை வைத்தார். ஆய்வேட்டின் பூட்டு திறந்தது. ஆசிரியரைத் தொடர்புகொள்ள என்று அவர் எண்ணும் கீழே வந்து நின்றது.

புறப்படும்போது, "வியாழக்கெழம கேஸு வருதும்மா," என்றார்.

"பாக்கறேன்பா," என்றாள். இந்தச் சொல்லுக்குத் தோட்டத்திலும் பட்டணத்திலும் ஒரே அர்த்தம்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் வழுக்கிக்கொண்டு நடந்தது. இரண்டு நாளில் அப்பா கூப்பிட்டார். "ஒருத்தரு போன் பண்ணாரும்மா. தமிழ்ப் பையன்தான். ரொம்ப மரியாத. நீ சொன்ன மாதிரியே சொல்லிட்டேன். நான்தான் எழுதுனேன், எல்லாம் சரிதான்னு. நாலாவது அத்தியாயமும் சரியான்னு தனியா கேட்டாரு. அதுவும் சரின்னுட்டேன்."

"நல்லதுப்பா. கமிட்டில இருந்துதான்."

விசாரணை ஒரு தேநீர் நேரத்தில் முடிந்தது. அனுமதி இருப்பதால் குற்றமில்லை என்று காளிதாசன் எழுதினார்.

"அப்பாகிட்ட போன்ல கேட்டதுக்கு நன்றி சார்," என்றாள்.

"நாங்க யாரையும் கேக்கலையே. கேட்டா விசாரணை நீளும்லா."

வேறு ஏதாவது பிரிவிலிருந்து கேட்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டாள். அதை நினைக்க நேரமில்லை. பட்டம் வாங்கிய நாளிலிருந்து பூஜ்யத்தில் கிடந்த பதிவிறக்க எண்ணிக்கை தினமும் ஏறிக்கொண்டிருந்தது. நபீலா காலையில் அதைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, இவள் சோறு தண்ணியை மறந்தாள். யாரோ படிக்கிறார்கள். எங்கோ ஒரு ஊரில், முகம் தெரியாத யாரோ, தோட்டத்து மக்களின் பேச்சை மதித்து, பக்கம் பக்கமாகப் படிக்கிறார்கள். இத்தனை வருடம் அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். வெட்கத்தை விட்டுச் சொன்னால், வேலையைவிட அதுதான்.

ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. அதிகம் பதிவிறக்கம் செய்யப்பட்ட ஆய்வேடு என்று வியாழக்கிழமை விழாவில் மேடைக்கு அழைத்துச் சான்றிதழும் கொடுத்தார்கள். சான்றிதழைக் களஞ்சியமே அச்சடித்திருந்தது. அதில் டாக்டர் இருளப்பன் என்று பொன்னெழுத்தில் இருந்தது. காளிதாசன் கைகுலுக்கும்போது, அதை மட்டும் திருத்தக் கேட்காதீர்கள் என்று காதோடு சொன்னார்.

வெள்ளிக்கிழமை சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, கோலா கெத்திலில் இனிப்பும் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். அப்பா பெயரில் வந்ததை அப்பா வீட்டுச் சுவரிலேயே மாட்டிவிடலாம் என்று வழியெல்லாம் சிரிப்பாக வந்தது. கோயில் முன்னால் சனம் கூடியிருந்தது. கூட்டம் போலிருக்கிறது, நல்ல வேளையாக வந்தோம் என்று நினைத்தாள். இன்று தாராளமாக ஒரு வார்த்தை பேசலாம். யாரும் யாரோடும் பேசாமல் நின்றார்கள். அப்பா கோயில் படியில் உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்துவிட்டு, தெரியாதவர் போல மோட்டார் சைக்கிளைப் பார்த்தார்.

அழகம்மா மட்டும் முனகிக்கொண்டிருந்தாள். "என் வீடு, என் வீடு. இப்ப நல்லா வருது பாரு வாய்ல."

கழுத்துப்பட்டை கட்டிய ஓர் இளைஞன், கையில் கோப்போடு ஓரமாக நின்றவன், சான்றிதழில் பெயரைப் படித்துவிட்டு முகம் மலர்ந்து இவளிடம் வந்தான்.

"இருளப்பன் ஐயா மகளாக்கா நீங்க? ஒரு வாரமா ஐயாவோட ஆய்வேடுதான். நானும் படிச்சு, ஆபிஸ்ல அத்தன பேரையும் டவுன்லோட் பண்ண வெச்சேன். ஐயாகிட்ட போன்லகூட பேசுனேன்."

யோகேஸ்வரிக்கு நெஞ்சு நிறைந்தது. ஒரு வாசகன். முகம் உள்ள வாசகன்.

"அப்படியா தம்பி? எந்த எடம் பிடிச்சிருந்துச்சு?"

"நாலாவது அத்தியாயம்தான்க்கா," என்றான் அவன். "இங்க யாருமே 'என் வீடு'ன்னு சொல்றதில்லன்னு குழுத் தலைவரே எழுதியிருக்காரே, நேத்து கோர்ட்ல எங்க கம்பெனி லாயரு அந்த ஒரு வரிய வாசிச்சதும் கேஸே முடிஞ்சிருச்சு."